ஆபீசருக்கு எந்தக் காலில் வலி?

அழுதுகொண்டு வந்தவர் பேக்கரி முதலாளியம்மா. காலில் கட்டோடு வந்தவர் ஆபீசர். இருவரில் ஆபீசரின் முகத்தில்தான் மகிழ்ச்சி தாண்டவமாடியது.

ஆபீசர் என்றதும் கையெழுத்துப் போடுகிற ஆபீசரை நினைத்துவிட வேண்டாம். இவர் பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியவர், வயிறு சற்றே முன்தள்ளியவர், நாய். காலையில் சொல்லி வைத்தாற்போலப் பேக்கரிக்கு வந்து, எல்லா அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்த வேலையும் செய்யாமல், கொடுத்ததைச் சாப்பிட்டு, மேசைக்கடியில் தூங்கிவிடுவாராம். அதனால் அந்தப் பட்டப்பெயர்.

"யாரோ என் செல்லத்தைக் கடத்துறாங்க மேடம்!" என்று முதலாளியம்மா மூக்கைச் சிந்தினார். "கடத்திட்டு, சாயங்காலமே கொண்டுவந்து விட்டுடறாங்க!"

"திருப்பிக் கொடுக்கிற கடத்தல்காரனா? ரொம்ப ஒழுங்கான ஆளா இருக்கானே," என்றேன் நான்.

அண்ணி என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். என் வாய் தானாகவே மூடிக்கொண்டது.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. தையல்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் நிலையத்துக்கு மூளை அவர். மீதி உடம்பு நான். இதற்கு முன் அண்ணி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தார். கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களில் எவருக்கு நிஜமாகவே கழுத்து வலிக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அவர் முன்னால் பொய்யாக முனகித் தப்பித்தவர் ஒருவரும் கிடையாது. நானே ஒரு முறை காய்ச்சல் என்று லீவு கேட்டுப் பார்த்தேன். நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல், "பையை எடுத்துக்கிட்டு கிளம்புங்க கொழுந்தனாரே," என்றுவிட்டார்.

"எப்போ காணாமப் போகுது?" என்று கேட்டார் அண்ணி.

"வாரத்துல ஒரு மதியம் அடுப்பு சுத்தம் பண்றதுக்காகக் கடையை மூடுவோம். அன்னைக்குத்தான். சாயங்காலம் பார்த்தா வாசல்ல நிப்பான். கால்ல பெரிய கட்டு! பதறிப்போய் அவிழ்த்துப் பார்த்தா ஒரு கீறல்கூட இருக்காது. நேத்தும் கட்டோடதான் வந்தான், உங்ககிட்ட காட்டணும்னு இதை மட்டும் அவிழ்க்கல."

முதலாளியம்மா ஒரு கேக் பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தார். ஆவலோடு எட்டிப் பார்த்த எனக்குப் பெருத்த ஏமாற்றம். உள்ளே இருந்தவை பழைய கட்டுத்துணிகள். துவைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தார்.

அண்ணி அவற்றை வரிசையாகப் பரப்பினார். ஒன்றில் ஊக்கு குத்தியிருந்தது. ஒன்றில் பசை நாடா ஒட்டியிருந்தது. இன்னொன்றின் முனை பரிசுப் பொட்டலத்தைப் போல இரட்டைச் சுருக்குப் போட்டுக் கட்டிய அடையாளத்தோடு கசங்கியிருந்தது.

"இதெல்லாம் ஒரே ஆள் கட்டினது இல்ல. ஒரே கால்லயா கட்டியிருந்தாங்க?"

"இல்ல மேடம். ஒரு தடவை பின்னங்கால், ஒரு தடவை வலது முன்னங்கால். இதோ இப்போ இடது."

"பாவம், ஆபீசருக்குத்தான் எத்தனை துரதிர்ஷ்டம்," என்றேன். ஆபீசர் வாலை ஆட்டினார். துரதிர்ஷ்டசாலியின் வாலாக அது தெரியவில்லை.

அண்ணி குனிந்து நேற்றைய கட்டைப் பார்த்தார். நீலத்துணி. அதன்மேல் சின்னச் சின்னப் பாதச்சுவடுகள் அச்சடித்திருந்தன.

"மேம்பாலத்துக்குக் கீழே ஒரு நாய் ஆஸ்பத்திரி இருக்கு. போர்டுல இதே பாதம் போட்டிருக்கும். கொழுந்தனாரே, ஆபீசரைப் பிடிங்க."

"யாரா இருந்தாலும் சரி, பேரை மட்டும் சொல்லுங்க!" என்று முதலாளியம்மா எழுந்தார். "போலீஸ்ல ஒப்படைச்சுட்டுத்தான் மறுவேலை. என் தம்பிகிட்டயும் சொல்லிட்டேன். மாவு மூட்டையை ஒத்தைக் கையில தூக்குறவன் அவன். திருடன் மாட்டினா அவன்கிட்ட தப்ப முடியாது."

*

வழி நெடுக ஆபீசர் நான்கு காலிலும் குதித்துக் குதித்து வந்தார். ஒரு பூனையைத் துரத்தினார். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் துரத்தினார். ஆஸ்பத்திரி வாசலில் நான் மூச்சு வாங்கியதைப் பார்த்த ஒரு கிழவர், நோயாளி நான்தான் என்று நினைத்து நாற்காலியைவிட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது. வெள்ளை கோட்டில் நாய் டாக்டர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த கணம் நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் கண் கலங்கியிருப்பீர்கள். குதித்துக்கொண்டிருந்த ஆபீசர் சட்டென்று ஒரு காலைத் தூக்கினார். அடிவயிற்றிலிருந்து ஒரு ஊளை விட்டார். மூன்று காலில் தத்தித் தத்தி இரண்டடி வைத்து, தாங்க முடியாமல் அப்படியே தரையில் சாய்ந்து, மடங்கிய காதை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

"அடடா, நம்ம வீரன்!" என்று டாக்டர் ஓடி வந்து மண்டியிட்டார். "நேத்துதானே கட்டுப் போட்டு அனுப்பினேன். வலி இன்னும் குறையலையாப்பா?"

"டாக்டர்," என்றார் அண்ணி அமைதியாக. "நேத்து எந்தக் கால்?"

"இடது முன்னங்கால். இதோ, கட்டு இருக்கே…"

டாக்டரின் குரல் அப்படியே தேய்ந்தது. கட்டு இடது காலில் இருந்தது. ஆபீசர் தூக்கிப் பிடித்திருந்தது வலது காலை.

"ஒரு உதவி பண்ணுங்க. உங்க கோட்டைக் கழட்டுங்க," என்றார் அண்ணி.

டாக்டர் குழப்பத்தோடு கழற்றினார். ஆபீசர் எழுந்தார், உடம்பைச் சிலிர்த்தார், நான்கு காலில் நடந்துபோய் நாற்காலிக் காலை முகர்ந்தார்.

"போடுங்க."

கோட்டு ஏறியது. ஆபீசர் விழுந்தார்.

"கழட்டுங்க."

எழுந்தார்.

"போடுங்க. கழட்டுங்க. போடுங்க."

டாக்டருக்கு ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகச் சிக்கிக்கொண்டது. எதை நம்புவதென்று தெரியாத ஆபீசர் பாதி படுத்து, பாதி எழுந்து, ஒரு காலைத் தூக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இடம் கொடுத்த கிழவரும் அவர் தோளிலிருந்த கிளியும் சேர்ந்து சிரித்தார்கள்.

"ஒரு நாய் என்னை ஏமாத்திடுச்சே!" என்று டாக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க. இவ்வளவு சுத்தமா நடிச்ச மனுஷனைக்கூட நான் பார்த்ததில்ல," என்றார் அண்ணி. "கட்டுப் போட்டதோட வேற என்ன கொடுத்தீங்க?"

"வலி மாத்திரை. கூட்டிட்டு வந்தவரே பேர் சொல்லிக் கேட்டார். முன்னாடி இது கொடுத்தப்போ நல்லாக் கேட்டுச்சுன்னார். அது கொஞ்சம் கடுமையான மாத்திரைதான். ஆனா நாய் துடிக்கிறதைப் பார்த்து…"

 டாக்டரின் முகம் மாறியது. உடனே போனை எடுத்து, ஊரிலுள்ள மற்ற நாய் டாக்டர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பழுப்பு நாயா, காது மடங்கினதா, எந்தக் கால், என்ன பேர் என்று கேட்டார். ஒரு இடத்தில் ஆபீசர் 'சிங்கம்'. ஒரு இடத்தில் 'ராக்கெட்'. ஒரு இடத்தில் 'அப்பாவி'. எல்லா இடத்திலும் ஏதோ ஒரு கால். எல்லா இடத்திலும் அதே மாத்திரை, அட்டை அட்டையாக.

"நடிகருக்கு எத்தனை வேஷம்!" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இது மனுஷங்களுக்கும் கொடுக்கிற மாத்திரைங்க. மனுஷங்க டாக்டர் லேசுல எழுதித் தர மாட்டார். ஏன்னா பழகிட்டா விடாது. இன்னும் வேணும், இன்னும் வேணும்னு கேக்கும். நாய் சாப்பிடலைன்னா வேற யாரோ சாப்பிடறாங்க. இத்தனையும் ஒரே ஆள் சாப்பிடறாருன்னா…" என்று அண்ணியைப் பார்த்தார். "ஒரு நாள் தூங்கப் போவார். தூக்கத்திலேயே மூச்சு மெதுவாகி மெதுவாகி நின்னுடும். நேத்து வாங்கிட்டுப் போன அட்டை இப்போ அவர்கிட்டதான் இருக்கு."

  நாய்த்திருடனைப் பிடிக்கக் கிளம்பிய நாங்கள், செத்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதனைத் தேட வேண்டியவர்களாகிவிட்டோம். அவன் யார் என்றுகூடத் தெரியாது.

"ஆள் எப்படி இருந்தார்?" என்று அண்ணி அவசரப்பட்டார்.

"முகமூடி, தொப்பி. எதுவும் தெரியல. ரொம்ப மரியாதையான ஆள். நாய் மேல உசிரையே வெச்சிருந்தார். ஆனா, போகும்போது ஒரு கூத்து நடந்துச்சு. எங்க வாசக்கதவு உள்பக்கமா இழுக்கிற கதவு. கைப்பிடி பளிச்சுன்னு இருக்கு. அவர் அதைத் தொடவே இல்ல. கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார், முதுகால இடிச்சார். கதவு அசையல. மறுபடியும் இடிச்சார். கை ரெண்டும் சும்மாதான் இருந்துச்சு! அப்புறம் அவரே வெக்கப்பட்டுச் சிரிச்சுக்கிட்டு இழுத்துத் திறந்துட்டுப் போனார்."

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்.

"கொழுந்தனாரே, நாய் ஏன் வெள்ளை கோட்டைப் பார்த்ததும் நொண்டுது?"

"நொண்டினா ஏதாவது கிடைக்கும்னு தெரியும்."

"யார் கொடுத்துப் பழக்கினாங்க? டாக்டர்கள் ஊசிதான் கொடுப்பாங்க. தினமும் வெள்ளை கோட்டோட ஒருத்தர் எதிர்ல வந்து, அது நொண்டினதும் வாயில ஏதோ இனிப்பாப் போட்டிருக்கணும். சரி, கை சும்மா இருக்கும்போதுகூட முதுகால கதவைத் திறக்கிறது யாரு? நாள் முழுக்க ரெண்டு கையிலயும் எதையாவது தூக்கிக்கிட்டு, கதவை முதுகால தள்ளித் தள்ளியே பழகினவன்."

"சூடான தட்டு!" என்று கத்தினேன். "அண்ணி! பேக்கரி!"

"சத்தம் போடாதீங்க. ஓடுங்க."

ஓடினோம். ஆபீசர் முதலில், அண்ணி அடுத்து, வெகுதூரம் பின்னால் நான்.

*

பேக்கரியில் முதலாளியம்மா கல்லாவில் பூப்போட்ட புடவையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அடுப்பறைக்குப் போகும் கதவு, எந்தப் பக்கம் தள்ளினாலும் திறந்து தானாக மூடிக்கொள்ளும் கதவு. நாங்கள் நுழைந்ததும் அந்தக் கதவில் ஒரு முதுகு தெரிந்தது. முதுகைத் தொடர்ந்து வெள்ளை கோட்டும், தட்டு நிறைய கேக்கும், கேக் மாஸ்டரும் வந்தார்கள்.

"ஐயோ, என் இடுப்பு," என்றார் அவர், யாரும் கேட்காமலேயே.

கதவு மறுபடி அசைந்தது. இன்னொரு முதுகு. இந்த முறை வந்தவர் முதலாளியம்மாவின் தம்பி. கடையில் எல்லோரும் அவரைச் சின்னவர் என்பார்கள். சிரித்த முகம், அகன்ற தோள், அதே வெள்ளை கோட்டு, தலைமேல் ரொட்டித் தட்டு, உதட்டில் ஒரு சீழ்க்கை.

ஆபீசர் இருவரையும் பார்த்தார். உடனே நொண்டினார். கேக் மாஸ்டர் ஓரக்கண்ணால் கல்லாவைப் பார்த்துவிட்டு ஒரு துண்டைக் கீழே நழுவவிட்டார். சின்னவரும் ஒன்றை நழுவவிட்டார். ஆபீசர் இரண்டையும் விழுங்கிவிட்டுக் குணமாகிவிட்டார். முதலாளியம்மா எதையும் கவனிக்கவில்லை. நாய்க்கு இனிப்புப் போடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவர் கோட்டுப் போடுவதில்லை என்பதால் ஆபீசர் அவர் எதிரில் நொண்டியதே கிடையாது.

"ரெண்டே பேர்தான்," என்று அண்ணியின் காதில் கிசுகிசுத்தேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு? கேக் மாஸ்டர்தான். வந்ததும் 'ஐயோ இடுப்பு'ன்னார். பக்கத்துல போனா தைல வாடை மூக்கைத் துளைக்குது. குனிய முடியல, நிமிர முடியல. வலி மாத்திரை யாருக்கு வேணும்? வலிக்கிறவனுக்குத்தானே?"

 அண்ணி சின்னவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"கொழுந்தனாரே, உங்க எடை எவ்வளவு இருக்கும்?"

"எதுக்கு அண்ணி இப்போ அந்தப் பேச்சு?"

"இன்னைக்குத்தான் அதுக்கு ஒரு உபயோகம் வந்திருக்கு. போய் அடுப்பறையில வேடிக்கை பார்க்கிற மாதிரி நில்லுங்க. தெரியாம மிதிக்கிற மாதிரி ரெண்டு பேர் காலையும் நல்லா மிதிச்சுட்டு வாங்க. ஒப்பிட்டுப் பார்க்க முதலாளியம்மா காலையும் மிதிச்சுடுங்க."

"அவங்க நமக்கு வேலை கொடுத்தவங்க!"

"அதனாலதான் கடைசியில மிதிக்கச் சொல்றேன்."

உலகத்தில் எத்தனையோ துப்பறியும் உதவியாளர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி சுடுகிறார்கள், மாறுவேடம் போடுகிறார்கள். என் தலையெழுத்து, ஊரார் காலை மிதிப்பது.

அடுப்பறை அனலாகக் கொதித்தது. மாவு பிசையும் இயந்திரம் ஒரு மூலையில் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. "ஆஹா, எவ்வளவு பெரிய அடுப்பு!" என்று வாயைப் பிளந்தபடி பின்னால் நகர்ந்து, குதிகாலால் கேக் மாஸ்டரின் பாதத்தில் முழு உடம்பையும் இறக்கினேன்.

அவர் போட்ட கூச்சலில் மேல்தட்டிலிருந்து மாவு உதிர்ந்தது. என்னை, என் பெற்றோரை, என்னை உள்ளே விட்டவரை, கதவைச் செய்த தச்சரை, ஒருவரையும் விடாமல் வைதார். ஒற்றைக் காலில் அறையைச் சுற்றினார். நடுவில் இடுப்பு ஞாபகம் வந்து அதற்கும் ஒருமுறை கத்திக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்டபடி மறுபக்கம் நகர்ந்து சின்னவர் காலில் ஏறினேன். ஏறி நின்றேன். அவர் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை இழுத்தபடி, "நம்ம பன் சாப்பிட்டுப் பார்த்தீங்களா சார்? இப்போதான் வெந்தது," என்று சிரித்தார். நான் இறங்கினேன். அவர் சீழ்க்கையைத் தொடர்ந்தார்.

கல்லாவுக்கு வந்து முதலாளியம்மாவையும் மிதித்தேன். அவர் 'அம்மா' என்று அலறி, கையிலிருந்த பொட்டலத்தால் என் மண்டையில் ஒன்று போட்டார். உள்ளே இருந்தது நல்லவேளையாக ரொட்டி.

"என்ன ஆச்சு?" என்றார் அண்ணி.

"கேக் மாஸ்டருக்கு வாய் ரொம்ப நீளம். முதலாளியம்மாவுக்குக் கை நீளம். சின்னவர் ஒருத்தர்தான் தங்கமான மனுஷன். ஒரு வார்த்தை சொல்லல. முகம்கூடச் சுளிக்கல. என்ன பொறுமை அண்ணி!"

அண்ணி கண்ணை மூடித் திறந்தார்.

"அது பொறுமை இல்ல கொழுந்தனாரே. நீங்க மிதிச்சதே அவருக்குத் தெரியல."

எனக்குப் புரிய கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நாம வலி இருக்கிற ஆளைத் தேடினோம்," என்றார் அண்ணி. "அது தப்பு. இடுப்பு வலின்னு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துறவர் டாக்டர்கிட்டயும் போய்க் கத்துவார். நாய்க்கு வேஷம் கட்ட மாட்டார். மாத்திரையை அட்டை அட்டையா முழுங்கிட்டு இருக்கிறவனுக்கு வலியே இருக்காது. வலி இல்லாத ஆளைத்தான் தேடியிருக்கணும்."

என் சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. அவர் பன் சாப்பிடச் சொன்ன முகம் கண்முன்னால் வந்து நின்றது. திருடன் கேக் மாஸ்டராகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

*

கேக் மாஸ்டரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அண்ணி அடுப்பறைக்குள் போனார். பின்னால் நான். சின்னவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் உங்க கையைக் காட்டுங்க," என்றார் அண்ணி.

முழங்கைக்குக் கீழே வரிவரியாகச் சூட்டுக்காயம். சில ஆறியவை. சில அன்றைக்குப் பட்டவை. ஒன்றில் நீர் கோத்திருந்தது.

"அடுப்பு வேலைன்னா இதெல்லாம் சகஜம் மேடம்," என்று சிரித்தார். "எங்க அக்கா என்னை இரும்புன்னு சொல்லும்."

"கால் வலிக்குதா?"

"எந்தக் கால்?"

அவர் குனிந்து பார்த்தார். செருப்புக்கு வெளியே கட்டைவிரல் கறுத்து வீங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றார். சிரிப்பு முகத்திலேயே தங்கியிருந்தது, ஆனால் கண்ணில் இல்லை.

"நாய் டாக்டர்கிட்டயிருந்து வர்றோம்," என்றார் அண்ணி மெதுவாக. "அந்தக் கதவு இழுக்கிற கதவு."

சின்னவர் மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், கையில் போன்.

"ஆள் யாருன்னு தெரிஞ்சிடுச்சா மேடம்? பேரைச் சொல்லுங்க, இப்பவே போலீஸுக்குப் போடறேன்."

"போடு அக்கா," என்றார் சின்னவர். "நான்தான்."

முதலாளியம்மா சிரித்தார். தம்பி எப்போதும் வேடிக்கை பேசுகிறவர் அல்லவா. சிரித்துக்கொண்டே அண்ணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் வேடிக்கை இல்லாததைப் பார்த்துத்தான் பயந்தார்.

"தோள்ல ஆபரேஷன் பண்ணப்போ கொடுத்த மாத்திரைக்கா. ஆஸ்பத்திரியில நிறுத்திட்டாங்க. என்னால நிறுத்த முடியல. வலி எப்பவோ போயிடுச்சு. இப்போ மாத்திரை போடலைன்னாத்தான் வலிக்குது. உடம்பெல்லாம், எலும்பெல்லாம். கை நடுங்குது. மருந்துக்கடையில விரட்டிட்டாங்க. ஒரு நாள் ஆபீசர் கேக்குக்காக நொண்டினான். அதைப் பார்த்தேன்…"

"நாயை வெச்சாடா?" என்றார் முதலாளியம்மா.

"அவனுக்கு ஒரு குறையும் வைக்கலக்கா. ஒரு மாத்திரைகூட அவன் வாயில பட்டதில்ல. கட்டைக்கூட வழியிலேயே அவிழ்க்கத்தான் பார்த்தேன். கடிக்க வர்றான். கட்டோட போனா எல்லாரும் பிஸ்கட் போடறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டான்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளியம்மாவுக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்துவிட்டது அவருக்கு.

"நான்தாண்டா ஆபரேஷன் முடிஞ்ச சூட்டோட வேலைக்கு வான்னு நச்சரிச்சேன். நீ மூட்டையைத் தூக்கினப்போ கை தட்டினேன். பாவி, நான் கை தட்டினேன்."

அண்ணி கையை நீட்டினார். சின்னவர் கோட்டுப் பையிலிருந்து நேற்றைய அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்று ஏற்கெனவே காலி.

"இன்னைக்கே நிறுத்திடறேன் மேடம். சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேண்டாம். இதைத் தனியா நிறுத்த முடியாது. திடீர்னு நிறுத்தினாலும் உடம்பு தாங்காது. இதுக்குன்னே டாக்டர் இருக்காங்க, கொஞ்சம் கொஞ்சமா இறக்குவாங்க. இப்பவே போகணும். நாளைக்குன்னு சொன்னா நீங்க வர மாட்டீங்க. உங்களுக்கே தெரியும்."

சின்னவர் தலையாட்டினார். தெரியும் என்றுதான் ஆட்டினார்.

முதலாளியம்மா போனைப் புடவை மடிப்பில் செருகினார். மாவு இயந்திரத்தை நிறுத்தினார். அடுப்பை அணைத்தார். வெளியே வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களிடம், "கடை இல்ல, போங்க, எல்லாரும் ஆளுக்கொரு பன் எடுத்துக்கிட்டுப் போங்க," என்று கத்திவிட்டு ரொட்டி வண்டியின் சாவியை எடுத்தார். கேக் மாஸ்டர் ஒரு காலில் நொண்டிக்கொண்டே ஷட்டரை இறக்கினார். இந்தத் தடவை அவர் இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா ஓட்டினார். பக்கத்தில் தம்பி, கதவோரம் அண்ணி. பின்னால் ரொட்டிக் கூடைகளுக்கு நடுவே நானும் ஆபீசரும். வண்டியைக் கிளப்புவதற்கு முன் சின்னவர் அக்காவின் கையைப் பிடித்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. கொஞ்ச தூரம் போனதும் இறக்கி விடுன்னு சொல்வேன். கெஞ்சுவேன். நல்லாயிட்டேன்னு சொல்வேன். உன்னை அசிங்கமாத் திட்டினாலும் திட்டுவேன். அது நான் இல்ல. நிறுத்திடாதே."

"சரி."

"என்ன சொன்னாலும் நிறுத்தாதே."

"சரின்னு சொல்றேன்ல."

வண்டி கிளம்பியது. கடைத்தெரு தாண்டியது, மேம்பாலம் தாண்டியது. சின்னவர் ஏதோ வேடிக்கை சொன்னார், நாங்கள் எல்லோரும் சத்தமாகவே சிரித்தோம்.  பிறகு அவர் விரல்கள் முழங்காலைத் தட்ட ஆரம்பித்தன. கழுத்தில் வியர்வை இறங்கியது.

"அக்கா," என்றார் சாதாரணமாக. "அந்த ஓரத்துல ஒரு நிமிஷம் நிறுத்தேன். தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்."

முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கியரை மாற்றினார். வண்டி நிற்கவில்லை.